எல்லாம் கவர்தான், ஆனால் எல்லாம் ஒன்றல்ல

போன வாரம் ஐடிஐ முடித்துவிட்டு எங்கள் கார் ரிப்பேர் ஷெட்டில் சேர்ந்திருக்கிற தம்பி, என்ஜின் ஹெட்டை மேலே மூடுகிற டேப்பட் கவரை மாட்டுவதற்கு முன்னால் சிலிக்கான் ட்யூபை எடுத்து, புது ரப்பர் பேக்கிங் மேலேயே சுற்றிலும் விரல் தடிமனுக்குப் பிதுக்கிக்கொண்டிருந்தான். என்னடா இது என்றால், "லீக் ஆகக் கூடாதுன்னுதான் அண்ணா" என்கிறான். 16 வருஷத்துக்கு முன்னால், சத்துவாச்சாரியில் நான் வேலை கற்றுக்கொண்ட ஷெட்டில் இதே பதிலை நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கவரை ஏறுமாறாக மாட்டுவது, மூடியைப் போட மறப்பது இதையெல்லாம் சொல்லப் போவதில்லை. ஒரு தடவை செய்தால் அதுவே கற்றுக்கொடுத்துவிடும். நான் சொல்ல வருவது வேறு. டேப்பட் கவர், வால்வை நேரத்துக்கு இயக்குகிற செயினையோ பெல்ட்டையோ மூடுகிற டைமிங் கவர், அடியில் ஆயில் தேங்குகிற சம்ப், மேலே பளபளப்பாக இருக்கிற பிளாஸ்டிக், அடியில் இருக்கிற தட்டு எல்லாவற்றையும் நாம் கவர் என்றே சொல்கிறோம். ஆனால் சில கவர் ஆயிலை உள்ளே வைத்திருக்கும், சில கவர் தூசியையும் தண்ணீரையும் வெளியே வைத்திருக்கும். ஸ்பேனர் போடுவதற்கு முன்னால் இது எந்த வேலைக்கான கவர் என்று தெரிந்திருக்க வேண்டும்.

மேல் பிளாஸ்டிக்

இது பெரும்பாலும் சத்தத்தைக் குறைக்கவும் பார்வைக்கும்தான். கழற்றினால் வண்டி ஓடும். சில கார்களில் ஏர் ஃபில்டரே இதற்குள் இருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் ரப்பர் குமிழில் உட்கார்ந்திருக்கும், அதனால் நேராக மேலே தூக்க வேண்டும், சாய்த்து இழுத்தால் காது உடையும். அதுவும் நம்ம ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் நாலைந்து வருஷம் ஓடிய வண்டியில் அந்த ரப்பர் எல்லாம் மொறமொறவென்று ஆகியிருக்கும்.

சிலிக்கானை அள்ளிப் பூசுவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் வாரத்துக்கு ஒரு வண்டியாவது இப்படி வருகிறது, பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

நான் வேலை கற்றுக்கொண்டிருந்தபோது ஆம்பூர்க்காரர் ஒருவரின் டீசல் காருக்கு சம்ப் கழற்றி மாட்டினேன். லீக் ஆகி வண்டி திரும்பி வந்தால் மேஸ்திரி திட்டுவார் என்ற பயத்தில் ஒரு ட்யூபையே காலி செய்தேன். இறுக்கியதும் வெளியே நீல நிறத்தில் அழகாகப் பிதுங்கி வந்தது. சுற்றிலும் விரலால் வழித்துவிட்டு, வேலை சுத்தம் என்று நினைத்தேன். வெளியே எவ்வளவு பிதுங்கியதோ அவ்வளவும் உள்ளேயும் பிதுங்கியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை.

உள்ளே பிதுங்கியது சூடான ஆயிலில் ஊறி, கொஞ்ச நாளில் அறுந்து விழும். சம்ப் அடியில் ஆயில் பம்ப் உறிஞ்சுகிற இடத்தில் டீ வடிகட்டி மாதிரி ஒரு சல்லடை இருக்கிறது. அறுந்த துண்டுகள் எல்லாம் நேராக அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். டேப்பட் கவரில் பூசியதும் ஆயில் இறங்குகிற ஓட்டை வழியாக அதே இடத்துக்குத்தான் வந்து சேரும்.

ஏழெட்டு வாரம் கழித்து அவர் பெங்களூர் போகும்போது வாணியம்பாடி பக்கத்தில் ஆயில் லைட் மினுக்கென்று எரிந்திருக்கிறது. நிறுத்தி, டிப் ஸ்டிக்கைப் பார்த்திருக்கிறார், ஆயில் அளவு சரியாக இருந்தது. திரும்ப ஸ்டார்ட் செய்தால் லைட் இல்லை. என்ஜின் நின்றதும் உறிஞ்சல் இல்லாததால் துண்டுகள் சல்லடையிலிருந்து விலகிவிடும், அதனால் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரியும். சென்சார் கோளாறாக இருக்கும் என்று ஓட்டிப் போயிருக்கிறார். கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் உள்ளே டொக் டொக் என்று தட்ட ஆரம்பித்துவிட்டது. வண்டியைக் கட்டி இழுத்து வந்து சம்ப்பை இறக்கினோம். சல்லடையில் சேமியா மாதிரி நீல நீலமாக என் சிலிக்கான். பிஸ்டன் ராடு கிராங்க் தண்டோடு சேருகிற பிக் எண்ட் பேரிங் தேய்ந்து பித்தளை நிறம் தெரிந்தது, கிராங்க்கை லேத்துக்கு அனுப்பிக் கடைந்துதான் எடுத்தோம். பாதிச் செலவு என் சம்பளத்தில் மாதாமாதம் கழிந்தது. பணத்தை விடுங்கள், அந்த மனிதர் குடும்பத்தோடு போய் நடுரோட்டில் ராத்திரி நின்றதை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

சரி, அப்படியென்றால் எப்படிப் பூசுவது? ரப்பர் பேக்கிங் இருக்கிற டேப்பட் கவருக்கு சுற்றிலும் சிலிக்கான் தேவையே இல்லை. டைமிங் கவரும் ஹெட்டும் சேருகிற மூலையிலும், அரைவட்ட ரப்பர் உட்காருகிற மூலையிலும் ஒரு பருப்பு அளவு, அவ்வளவுதான். பேக்கிங்கே இல்லாத சம்ப்புக்கு சுமார் 3 மில்லிமீட்டர் கோடு, அறாமல், போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமாக. தோல் கட்டுவதற்கு முன்னால் மாட்டிவிட வேண்டும், பல ட்யூபுகளுக்கு 10 நிமிஷம் தாண்டினாலே தோல் கட்டும். முழுசாக இறுகுவதற்கு ஒரு நாள் ஆகும். மாட்டிய கையோடு ஆயில் ஊற்றி வண்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், ட்யூபில் போட்டிருக்கிற நேரத்தைப் படித்துப் பாருங்கள்.

அப்புறம், ஹார்டுவேர் கடையில் பாத்ரூமுக்கு விற்கிற சிலிக்கானை வாங்கி வருகிறார்கள். திறந்ததும் வினிகர் மாதிரி புளித்த வாடை வந்தால் அது பெரும்பாலும் என்ஜினுக்கு ஆகாது. ஆயிலில் தாங்காது, சென்சாரையும் கெடுக்கும்.

பழைய பேக்கிங்கைச் சுரண்ட ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், அலுமினியத்தில் கீறல் விழுந்தால் எதைப் பூசினாலும் அந்த வழியே கசியும். கிரைண்டரில் மாட்டித் தேய்க்கிற எமரி பேடும் வேண்டவே வேண்டாம். அந்தப் பொடி ஆயிலோடு கலந்து பேரிங்கைத் தின்றுவிடும்.

இறுக்குவது

பெரும்பாலான கார்களில் டேப்பட் கவர் போல்ட் 6 மில்லிமீட்டர்தான், 10-ம் நம்பர் ஸ்பேனர் போடும். அதற்கு 10 நியூட்டன் மீட்டர் பக்கம் போதும், சரியான அளவு அந்தந்த வண்டி மேனுவலில் இருக்கும். நீளமான ராட்செட்டைப் போட்டு முக்கினால் ஹெட்டில் மரை போய்விடும், இல்லையென்றால் கவரே வளைந்து நடுவில் கசியும். நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கம் போங்கள், இரண்டு மூன்று சுற்றாக.

டைமிங் கவர்: செயினா, பெல்ட்டா?

பேர் ஒன்று, வேலை நேர் எதிர். செயின் இருந்தால் உள்ளே ஆயில் ஓடும், அதனால் கவர் சீல் ஆகியிருக்க வேண்டும். ரப்பர் பெல்ட் இருந்தால் பெரும்பாலான வண்டிகளில் உள்ளே காய்ந்துதான் இருக்க வேண்டும், கவர் தூசியையும் கல்லையும் தடுப்பதற்காக. பெல்ட் கவருக்குள் ஆயில் ஈரம் தெரிந்தால் தண்டு முனைகளில் ஆயிலைத் தடுக்கிற கேம் சீலையோ கிராங்க் சீலையோ பாருங்கள், ஆயில் பட்ட பெல்ட்டைத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டாதீர்கள். கீழ்க் கவர் உடைந்துவிட்டது என்று அது இல்லாமலே அனுப்புகிறவர்களும் உண்டு. பாலாற்று மணல் லாரிக்குப் பின்னால் ஓடுகிற வண்டிக்கு அப்படிச் செய்தால் ஒரு சின்னக் கல் போதும், பெல்ட் பல் தாண்டும், பல என்ஜின்களில் வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும்.

செயின் கவர் போல்ட்டுகள் ஒரே நீளம் கிடையாது. அட்டையில் கவரின் படத்தை வரைந்து, ஓட்டை குத்தி, அந்தந்த இடத்திலேயே செருகி வையுங்கள். குட்டை ஓட்டையில் நீள போல்ட் ஏறினால் காஸ்டிங் வெடிக்கும்.

பேக்கிங் மாற்றியும் திரும்பக் கசிகிறதா?

மூன்றாவது பேக்கிங் வாங்காதீர்கள், என்ஜினுக்குள் சேருகிற புகையை இழுத்து எடுக்கிற பிசிவி வால்வைப் பாருங்கள். அது கரி அடைத்து நின்றால் உள்ளே காற்றழுத்தம் ஏறி, எங்கே பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும்.

ஹீட் ஷீல்ட்

சைலன்சர் சூட்டைத் தடுக்கிற தகடு இது. கடகடவென்று ஆடினால் கிளாம்ப் போடுங்கள், கழற்றி வீசாதீர்கள்.

அடிக் கவர்

ஆயில் மாற்றக் கழற்றுவார்கள், நாலு கிளிப் உடையும், "இது எதுக்கு சார், எல்லாரும் கழட்டிடுறாங்க" என்று ஓரமாகப் போட்டுவிடுவார்கள். மழையில் தேங்கிய தண்ணீர் ஆல்டர்னேட்டர் மேலும் ஃபேன் பெல்ட் மேலும் அடிக்கும்போதுதான் எதற்கு என்று தெரியும். இன்னொன்றும் இருக்கிறது: இந்தக் கவர் இருக்கிற வண்டியில் ஆயில் கசிந்தாலும் தரையில் சொட்டாது, கவரிலேயே தேங்கிப் பின்பக்கமாக வழியும். அதனால் கழற்றும்போதெல்லாம் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்து, துடைத்துவிட்டு மாட்டுங்கள். உடைந்த வண்டிகளிலிருந்து எடுத்த கிளிப்புகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைத்திருக்கிறேன். எங்கள் ஷெட்டில் கிளிப் இல்லை என்ற காரணத்துக்காக எந்த வண்டியும் அடிக் கவர் இல்லாமல் வெளியே போவதில்லை.