வீட்டுக் குளத்தில் வெங்காயத் தாமரை

குளத்தில் மிதக்கும் செடியின் இலைக்காம்பு வெங்காயம்போல் உப்பி, அறுத்தால் உள்ளே பஞ்சு போன்றிருந்து, பூவும் இளம் ஊதாவாக இருந்தால், அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத் தாமரை. ஆகாயத்தாமரை என்றும் இதைச் சொல்வர். ஆனால் அப்பெயர் முட்டைக்கோசு வடிவில் மிதக்கும் வேறொரு செடிக்கும் வழங்குவதால், பெயரை நம்பாமல் காம்பைப் பாருங்கள்.

ஓரிரு வாரங்களில் இருமடங்காகக்கூடிய இதை, சேற்றில் விழும் விதை பல ஆண்டுகள் உயிரோடிருக்கும் என்பதால், பூக்கும் முன்பே வேரோடும் ஓடுதண்டோடும் அள்ளிவிட வேண்டும். களைக்கொல்லியை நான் பரிந்துரைப்பதில்லை: செடிகள் மொத்தமாக மடிந்து அழுகும்போது நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் இறக்கக்கூடும். அள்ளியவற்றைக் கரையிலிருந்து தள்ளி உலர்த்தி உரக்குழியில் இடலாம். பிறகு வாரம் ஒருமுறை ஓரங்களில் தப்பிய கன்றுகளைத் தேடி எடுத்துவிடுங்கள்.