கலங்கல் ஆற்றில் மஸ்கி: வசந்தத் தொடக்கத்தில் லூர் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறு கலங்கி ஓடும்போது தூண்டிலில் மஸ்கி மீன் பிடிக்கப் போகிறவர்கள், லூர் (செயற்கை இரை) பெட்டியைத் திறந்ததும் நிறத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஆரஞ்சா, பச்சையா, கறுப்பா என்று வெகுநேரம் யோசிக்கிறார்கள். இந்த லூர் மெதுவாக இழுத்தால் தண்ணீரை எவ்வளவு தள்ளும், விழுந்த மரத்துக்குள் போனால் முழுசாகத் திரும்பி வருமா என்ற கேள்விகள் அப்புறம்தான் வருகின்றன. பல பேருக்கு வருவதே இல்லை. இந்த வரிசை அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரணத்துக்கு முன்னால் இடத்தையும் காலத்தையும் சொல்லிவிடுகிறேன். மஸ்கி வட அமெரிக்க நன்னீருக்கே உரிய மீன், பைக் மீன் குடும்பத்தில் மிகப் பெரியது. மினசோட்டா, விஸ்கான்சின் போன்ற வட மாநிலங்களில் வசந்தத் தொடக்கத்தில் அதைப் பிடிக்க அனுமதி இல்லை. சீசன் மே அல்லது ஜூனில்தான் திறக்கும். டொராண்டோ பக்கம் இருக்கும் நம்மவர்களும் ஜூன் வரை பொறுக்கத்தான் வேண்டும். ஆகவே பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை ஆற்று மஸ்கி என்றால் அது தெற்கே உள்ள மலைநாட்டு ஆறுகளின் பேச்சு: கென்டக்கியின் லிக்கிங், க்ரீன், மேற்கு வர்ஜீனியாவின் எல்க், லிட்டில் கனாவா, டென்னசியின் காலின்ஸ், வர்ஜீனியாவின் ஜேம்ஸ், நியூ. பனி உருகியும் மழை பெய்தும் இந்த ஆறுகள் கலங்குகிற காலம் அது. தொடக்க வாரங்களில் தண்ணீர் ஏறத்தாழ 4 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். மஸ்கி ஏறத்தாழ 10 முதல் 15 டிகிரிக்குள் முட்டையிடும் என்பதால், பெரிய பெண் மீன்கள் சினையோடு கனத்துப்போய் இருக்கும் நேரமும் இதுதான். அனுமதி, அளவு வரம்பு எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம், சில ஆறுகளில் பகுதிக்குப் பகுதி மாறும். அந்த வருட விதிகளைப் படித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

மீன் எப்படி இரை தேடுகிறது?

தெளிந்த நீரில் மஸ்கி இரையைக் கண்ணால் பார்த்து, உடம்பை மெல்ல அதன் பக்கம் திருப்பி, பதுங்கி நெருங்கி, கடைசியில் அம்பாகப் பாயும். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் பார்வை மறைக்கப்பட்ட மஸ்கிகள் இந்தப் பதுங்கி நெருங்கும் கட்டத்தை முற்றாக விட்டுவிட்டன. இரை மிக அருகில் வந்தபோது மட்டும் பாய்ந்தன. அந்தப் பாய்ச்சலுக்கு வழிகாட்டியது பக்கக்கோடு. மீனின் விலாவில் நீளவாக்கில் ஓடும் அந்தப் புலனுறுப்பு நீரின் அசைவை உணரும். அதன் எட்டுதூரம் மீனின் உடல் நீளத்தைப்போல ஒரு மடங்கு, இரண்டு மடங்குதான். ஒரு மீட்டர் மீன் என்றால் ஒன்று இரண்டு மீட்டர், அவ்வளவே.

கலங்கல் ஆற்றில் உள்ள மஸ்கியும் ஏறக்குறைய இதே நிலையில்தான் இருக்கிறது. அது உங்கள் லூரைத் தேடிக்கொண்டு வராது. லூர் அதன் மூக்கருகே போக வேண்டும். மெதுவாகவும், தன் இருப்பைத் தண்ணீரில் சொல்லிக்கொண்டும் போக வேண்டும். கீழே சொல்லப்போகிற தவறுகள் பெரும்பாலும் இதை மறப்பதால் வருகிறவை.

ஏரியில் ஜெயித்த லூரை ஆற்றுக்குக் கொண்டுபோவது

மிகப் பரவலான தவறு இது. இடமும் வலமும் வழுக்கிப் போகும் கிளைட் பெய்ட் தெளிந்த ஏரியில் அருமையான லூர். குளிர்ந்த நீருக்கு மெதுவான லூர் வேண்டும் என்று கேள்விப்பட்டு அதையே கலங்கல் ஆற்றிலும் வீசுகிறார்கள். அது மெதுவாகப் போகிறது, சரி. ஆனால் கிட்டத்தட்ட சத்தமில்லாமல் வழுக்குகிறது, ஒவ்வொரு இழுப்புக்கும் திசையும் மாறுகிறது. இருட்டில் காதருகே வரும் கொசுவை நாம் அதன் ரீங்காரத்தை வைத்துத்தான் பின்தொடர்கிறோம். சத்தம் நின்றுபோனால் கை எங்கே அடிப்பது என்று தெரியாது. மஸ்கிக்கும் தாளம் அறுபடாத அசைவு வேண்டும். வெட்டி வெட்டி இழுத்து நெடுநேரம் நிறுத்துகிற பழக்கத்தை ஆறு தெளியும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கலங்கலில் ஒரே சீராக இழுப்பதே மேல். நிறுத்த வேண்டுமென்றால் ஒரு நொடி, மரக்கட்டையில் இடித்ததும் மட்டும்.

பிளேடின் வடிவத்தைக் கவனிக்காமல் விடுவது

பக்டெயில் என்பது முன்னால் உலோகத் தகடு (பிளேடு) சுழல, பின்னால் முடி கட்டிய லூர். அதை வாங்கும்போது பலரும் பிளேடின் அளவு எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். எட்டா, பத்தா என்பதற்கு முன்னால் அது வட்டமா நீளமா என்று பாருங்கள். வில்லோ இலை மாதிரி நீண்ட பிளேடு தண்டை ஒட்டி வேகமாகச் சுழலும். வெளிச்சத்தில் நன்றாக மின்னும், ஆனால் தண்ணீரைக் குறைவாகவே தள்ளும். நன்றாகச் சுழல அதற்கு வேகமும் வேண்டும். கலங்கலில் மின்னல் எடுபடாது, குளிரில் வேகம் கூடாது. இரண்டு வகையிலும் அது பொருந்தாத தேர்வு. கொலராடோ என்று சொல்லப்படும் வட்டப் பிளேடு தண்டிலிருந்து அகன்று சுழலும். ஒவ்வொரு சுற்றும் தூண்டில் கைப்பிடி வரை தொம் தொம் என்று வந்து சேரும். மிக மெதுவாக இழுத்தாலும் சுழற்சி நிற்காது.

இன்னொரு நன்மையும் உண்டு. அகன்ற பிளேடு லூரை மேலே தூக்கும், அதனால் முழங்கால் ஆழத் தண்ணீரிலும் தரையில் இடிக்காமல் ஊர்ந்துபோகச் செய்யலாம். ஆறு ஏறிக் கலங்கும்போது மஸ்கி நடு ஓட்டத்தை விட்டுக் கரையோரத் தேக்கத்துக்கு, விழுந்த மரத்தின் பின்பக்கத்துக்கு, வளைவின் உள்பக்கச் சுழிக்கு ஒதுங்கும். அங்கே ஆழம் அதிகம் இருக்காது.

இதில் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். ஓட்டத்தை எதிர்த்து மேல்பக்கமாக வீசி, ஓட்டத்தோடு சேர்த்து இழுத்தால் ஆறே லூரைத் தள்ளிக்கொண்டு வரும். நீங்கள் இழுக்கும் வேகம் ஆற்றின் வேகத்தைத் தாண்டாதவரை பிளேடு சுழலாது. கையில் அந்தத் தொம் தொம் இல்லையென்றால் வெறும் முடியையும் இரும்பையும் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆற்றுக்குக் குறுக்கே, அல்லது சற்றுக் கீழ்நோக்கிச் சாய்வாக வீசினால் ஓட்டமே பிளேடைச் சுழற்றும், மெதுவாகவும் இழுக்கலாம்.

இதே கணக்கு கிராங்க்பெய்டுக்கும் (முன்னால் நாக்கு போன்ற தகடு வைத்து, இழுத்தால் ஆடும் கெட்டி லூர்) ரப்பர் லூருக்கும் பொருந்தும். மெல்ல இழுக்கும்போதே அகலமாக ஆடுகிற கிராங்க்பெய்ட், பெரிய துடுப்புவால் தட்டுகிற ரப்பர் என்று எடுங்கள். வாங்கும்போது தெரியாது; கரையருகே தெளிந்த தண்ணீரில் இழுத்துப் பார்த்து, எந்த வேகத்தில் ஆட்டம் செத்துப்போகிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகம் எவ்வளவு குறைவோ, வசந்தக் கலங்கலுக்கு அந்த லூர் அவ்வளவு நல்லது.

கிலுகிலுப்பை இருந்தால் போதும் என்று நம்புவது

லூருக்குள் சிறு மணிகள் போட்டுக் கிலுகிலுக்க வைப்பது பழைய உத்தி. கலங்கல் என்றதும் சத்தமான லூர் என்று அதை எடுக்கிறார்கள். கெண்டை மீனுக்குக் காற்றுப்பையையும் உள்காதையும் இணைக்கும் சிறு எலும்புகள் உண்டு, அதனால் கூர்மையான ஒலியும் கேட்கும். மஸ்கிக்கு அந்த இணைப்பு இல்லை. தாழ்ந்த ஒலியும் நீரின் தள்ளலும்தான் அதற்குப் புரியும் மொழி. உள்ளே ஒரே ஒரு பெரிய குண்டு இருந்து டொக் டொக் என்று இடிக்கிற லூர் எனக்கு அதிகம் பிடிக்கும். ஆனாலும் உடம்பு ஆடாத லூரில் எத்தனை மணி கட்டினாலும் பயன் குறைவுதான்.

வசந்தம் என்றாலே சின்ன லூர் என்பது

குளிர்ந்த நீரில் மீனுக்குப் பசி மந்தம், அதனால் ஐந்து ஆறு அங்குல லூர் போடு என்பார்கள். தெளிந்த நீருக்கு நல்ல அறிவுரை. கலங்கலில் சிறிய மெலிந்த லூர் யாருக்கும் தெரியாமல் கடந்துபோய்விடும். இங்கே பார்க்க வேண்டியது நீளத்தைவிடப் பருமன். ஆறு ஏழு அங்குலத்திலேயே தலை பெருத்து, தண்ணீரை முட்டித் தள்ளுகிற லூர்கள் இருக்கின்றன. இந்த ஆறுகளில் மஸ்கியின் முக்கிய இரைகளில் ஒன்றான சக்கர் மீனும் தடித்த உருளை உடம்புதான்.

மரக்கட்டையை மறந்து லூர் வாங்குவது

மீன் இருப்பது விழுந்த மரத்துக்குள். லூர் அதன் உணர்வெல்லைக்குள் போக வேண்டுமானால் கிளைகளுக்கு இடையில்தான் வீச வேண்டும். பெட்டி முழுக்கத் திறந்த மும்முள் (மூன்று கொக்கி சேர்ந்த தூண்டில் முள்) தொங்கும் விலையுயர்ந்த லூராக இருந்தால், தொலைந்துவிடும் என்ற பயத்தில் கை தானாகவே மூன்று மீட்டர் தள்ளி வீசும். மேலே சொன்ன கணக்குப்படி அந்த மூன்று மீட்டரில் மீனுக்கு லூர் இருப்பதே தெரியாது. லூர் தேர்வு செய்யும் இடத்திலேயே அன்றைய நாள் தோற்றுவிடுகிறது.

கம்பிக் கையும் ஒற்றை முள்ளும் கொண்ட ஸ்பின்னர்பெய்ட் இந்தக் காரணத்துக்காகவே என் முதல் தேர்வு. கம்பி முன்னால் இடித்துக் கிளையை விலக்கும், முள் அதன் நிழலில் வரும். அதில் வட்டப் பிளேடைப் போட்டுவிட்டால் தள்ளலும் கிடைத்தது, தைரியமாக வீசவும் முடிந்தது. மிதக்கும் கிராங்க்பெய்டும் நல்லது: அதன் நாக்கு முதலில் கட்டையில் முட்டும், உடனே தூண்டில் நரம்பைத் தளர்த்தினால் பின்வாங்கி மேலே எழும். மூழ்கும் ரப்பர் லூரைக் கட்டைக்குள் தளர்த்தினால் இன்னும் ஆழமாகப் போய் மாட்டும். அதைத் திறந்த மடுவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மரத்துக்கு ஒரு வீச்சு போதும் என்று நகர்ந்துவிடவும் கூடாது. தெளிந்த நீரில் ஒரு வீச்சு பத்து மீட்டர் அகலத்துக்குச் செய்தி சொல்லும். இங்கே ஒரு குறுகிய பட்டைக்குத்தான். முழ இடைவெளியில் வரிசையாக வீசி, நல்ல இடத்தை முழுக்கத் துழாவிவிட்டுப் போங்கள்.

நிறம், கடைசியாக

தெளிந்த ஆழ நீரில் சிவப்பு முதலில் மறையும், நீலம் ஆழம் போகும். மண்ணும் இலைச்சாறும் கலந்த ஆற்றில் நேர்மாறு: நீலம் சீக்கிரம் அழிந்துவிடும், ஆரஞ்சும் சிவப்பும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதனால் வெள்ளியும் நீலமும் கலந்த ‘நிஜ மீன்’ நிறங்களை வீட்டில் வைத்துவிடலாம். ஆரஞ்சு, பளீர் மஞ்சள்பச்சை, அல்லது வானத்துக்கு எதிரே நிழலுருவாகத் தெரியும் கறுப்பு. இதில் எது என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை, கைக்கு வந்ததை எடுங்கள்.

மீன் பார்த்துவிடும் என்று பயந்து மெல்லிய லீடர் (லூருக்கு முன்னால் கட்டும் நரம்புத் துண்டு) கட்டுவதும் இங்கே தேவையற்றது. 100 பவுண்டு இழுவை தாங்கும் ஃப்ளூரோகார்பன் நரம்போ கம்பியோ கட்டுங்கள். மஸ்கியின் பல் மெல்லிய நரம்பை ஒரே கடியில் அறுத்துவிடும். வாயில் லூரோடு மீன் போய்விடும்.

தண்ணீரைப் பார்க்காமலே வீட்டில் முடிவெடுப்பது

‘கலங்கல்’ என்பது ஒரே நிலை அல்ல. வெள்ளை லூர் ஒன்றைத் தண்ணீரில் இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று பாருங்கள். ஒரு முழம் தெரிந்தால் கண்ணுக்கும் வேலை இருக்கிறது. நிறம், சற்றுக் கூடிய வேகம் எல்லாம் உதவும். ஒரு சாண் என்றால் முழுக்கத் தள்ளலை நம்ப வேண்டும். அரைச் சாணுக்கும் கீழே போய், ஆறு இன்னும் ஏறிக்கொண்டிருந்தால், லூரை மாற்றுவதைவிட இடத்தை மாற்றுவது மேல். சிறு ஓடைகள் ஆற்றைவிட முதலில் தெளியும். அவை சேரும் வாயில் கலங்கலும் தெளிவும் ஒட்டி ஓடும் கோடு ஒன்று இருக்கும், அங்கே போங்கள்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை பல ஆறுகளின் நீர்மட்டத்தையும் ஓட்டத்தையும் இணையத்தில் உடனுக்குடன் தருகிறது, சில நிலையங்களில் வெப்பநிலையும் உண்டு. மட்டம் இறங்கத் தொடங்கிய நாளைத் தேர்ந்தெடுங்கள். ஒரு தெர்மாமீட்டரும் எடுத்துப்போங்கள். வெயில் படும் தேக்கத்தில் கலங்கிய நீர் வேகமாகச் சூடேறும். ஆற்றைவிட ஒரு டிகிரி கூடுதலாக இருக்கும் மூலையில் மீன் உற்சாகமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஏறிய குளிர்ந்த ஆற்றில் மிதந்துவரும் மரம் படகைக் கவிழ்த்துவிடும், குளிர் சில நிமிடங்களில் கைகால்களை முடக்கும். பென்சில்வேனியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை 16 அடிக்குக் குறைந்த படகுகளில் உயிர்காப்பு அங்கி கட்டாயம். உங்கள் மாநிலத்தில் சட்டம் இல்லாவிட்டாலும் அணிந்துகொள்ளுங்கள்.

முள்ளின் எண்ணிக்கையைப் பற்றி யோசிக்காதது

சினை மீன் காலத்தில் இது லூர் தேர்வின் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன். மூன்று மும்முள் தொங்கும் லூர் ஒன்று வாயில், ஒன்று செவுளில், ஒன்று வலையில் என்று மாட்டினால், மீனை விடுவிக்க நெடுநேரம் ஆகும். நடு முள்ளைக் கழற்றிவிடுங்கள், மீதி முட்களின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கொக்கியை மட்டும் இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். முனையை மட்டும் அரத்தால் நன்றாகத் தீட்டி வையுங்கள். குளிர்ந்த நீரில் மீன் பல நேரம் லேசாகத்தான் கவ்வும், மழுங்கிய முள் அதன் கெட்டியான வாயில் இறங்காது. பெரிய ஆழமான வலையில் மீன் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். முள் கழலாமல் அடம்பிடித்தால் கட்டரால் முள்ளையே வெட்டிவிடுங்கள். புது முள் விலை மிகக் குறைவு. படம் எடுக்க வேண்டுமென்றால் வயிற்றுக்குக் கீழே ஒரு கை கொடுத்துக் கிடையாகப் பிடியுங்கள். சினையோடு இருக்கும் மீனைச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் உள்ளுறுப்புகளின் கனம் முழுவதும் தாடையில் இறங்கும். காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தால் படமே வேண்டாம், ஈரமான செவுள் அந்தக் குளிரில் உறைந்து கெட்டுவிடும்.