ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஹெபடோமெகாலி’ என்று இருக்கிறதா? படிக்கும் முறை

போன வாரம் குடியாத்தத்திலிருந்து பெரியப்பா ஸ்கேன் கவரோடு வேலூர் வந்தார். “ஈரல் வீங்கிடுச்சாம்பா, அவ்ளோதானா?” என்றார். ஹெபடோமெகாலி என்றால் ஈரல் வீக்கம்தான். ஆனால் வீக்கம் என்பது நோயின் பெயர் இல்லை, எங்கோ ஒரு காரணம் இருப்பதற்கான அறிகுறி. அதைத் தேட அவரோடு உட்கார்ந்து செய்ததையே இங்கே எழுதுகிறேன்.

1. அளவு. ‘லிவர்’ வரியில் செ.மீ. கணக்கு இருக்கும். பெரியவர்களுக்குச் சுமார் 15, 16 வரை சாதாரணம். பெரியப்பாவுக்கு 16.8.

2. பக்கத்து வரி. அவருக்கு ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்று இருந்தது, அதாவது ஈரலில் லேசாகக் கொழுப்பு. “நான் ஒரு சொட்டு தொட்டதில்லையே!” என்று கோபித்துக்கொண்டார். குடித்தால்தான் வரும் என்றில்லை. சுகரும் தொப்பையும் போதும். இரண்டுமே அவரிடம் உண்டு. சீழ்க்கட்டி, கட்டி என்று எழுதியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினால், கோளாறு இதயத்தில் இருக்கலாம். அது ரத்தத்தைச் சரியாகத் தள்ளாதபோது ஈரலில் தேங்கிவிடும்.

3. காய்ச்சல் உண்டா? டெங்கு, டைபாய்டு, மலேரியா, எலிக்காய்ச்சல் எல்லாவற்றிலும் ஈரல் வீங்கலாம். நம் பக்கம் மறக்கக்கூடாதது உண்ணிக்காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ். மழைக்குப் பின் குளிர்மாதங்களில் அதிகம். பெயர்தான் உண்ணி, கடிப்பது புதரில் இருக்கும் நுண்ணிய சிலந்திப்பேன் குஞ்சு. கடித்த இடத்தில் பீடியால் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு வரும். வலிக்காது, அரிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்புக்குக் கீழ் எல்லாம் வெளிச்சத்தில் பாருங்கள். எல்லாருக்கும் பொருக்கு வராது, ஆனால் கண்டால் டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். சீக்கிரம் பிடித்தால் டாக்ஸிசைக்ளின் என்கிற விலை குறைந்த மாத்திரை கேட்கும்.

4. ரத்தப் பரிசோதனை. எல்.எஃப்.டி. (ஈரல் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் டெஸ்ட்), ஹெபடைடிஸ் பி, சி (ஈரலைத் தாக்கும் வைரஸ்கள்) டெஸ்ட் தேவையா என்று டாக்டரைக் கேளுங்கள். ஏ, இ வகைகள் அசுத்தத் தண்ணீரில் வருபவை. கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருப்பது நம் ஊர் வழக்கம். அந்த ஒரு வாரம்தான் எனக்குப் பயம். ரத்த வாந்தி, தடுமாறிய பேச்சு இருந்தால் நேரே எமர்ஜென்சி.

5. மாத்திரைப் பட்டியல். சாப்பிடுவதை எல்லாம் எழுதுங்கள். சில மருந்துகளும் ஈரலைப் பாதிக்கும். பெரியப்பா சுகர் மாத்திரையோடு நிறுத்தப் பார்த்தார். பெரியம்மாதான் போனில் போட்டுக்கொடுத்தார்: மூட்டுவலிக்கு ஆறு மாசமாக ஒரு லேகியம். டப்பாவில் லேபிளே இல்லை. டப்பாவையே கவரோடு பையில் போட்டு டாக்டரிடம் அனுப்பினேன்.