டாக்டரிடம் போகும் முன் ஏஐயிடம் எதைக் கேட்கலாம், எதை விட்டுவிட வேண்டும்

லேப் ரிப்போர்ட் வாட்ஸப்பில் வந்த உடனே அதை அப்படியே சாட்ஜிபிடியில் போட்டு "இது என்ன நோய்?" என்று கேட்பது இப்போது பல வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. கேட்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. டாக்டர் அறையில் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான், வெளியே கூட்டம் உட்கார்ந்திருக்கிறது, கேட்க நினைத்ததில் பாதி வீட்டுக்கு வந்தபிறகுதான் ஞாபகத்துக்கு வருகிறது. பொறுமையாகப் பதில் சொல்ல ஏதோ ஒன்று கையில் இருப்பது நல்லதுதான். ஆனால் எந்த வேலைக்கு அதை வைத்துக்கொள்ளலாம், எந்த வேலையை டாக்டரிடமே விட வேண்டும் என்று தெரியாமல் இறங்கினால் உடம்புக்குத்தான் கேடு.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் திடீரென்று வலுவிழப்பது, வலிப்பு, ரத்த வாந்தி, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, கைக்குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இதில் எது நடந்தாலும் டைப் பண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள், இல்லை பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்புங்கள். நம் ஊரில் "கேஸாக இருக்கும்" என்று சோடா குடித்துப் படுக்கிற பழக்கம் இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல், வெறும் வியர்வையும் களைப்பும் வயிற்றுப் பிரட்டலுமாகக்கூட வரும். கேஸா ஹார்ட்டா என்பதை ஈசிஜியும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்த்து ஒரு டாக்டர்தான் சொல்ல முடியும், அதுவும் சில சமயம் முதல் ஈசிஜி நன்றாக இருந்தாலும் மறுபடி எடுத்துப் பார்த்த பிறகுதான். இந்தக் கேள்விக்கு ஏஐ எவ்வளவு நன்றாகப் பதில் சொன்னாலும், அந்தப் பதிலைப் படிக்கிற நேரம் வீண்.

சரி, அவசரம் இல்லாத விஷயங்களுக்கு வருவோம். ஏஐ டாக்டர்களையே தோற்கடித்துவிட்டது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அது பொய்யில்லை. 2024இல் அமெரிக்காவில் 50 டாக்டர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், எழுதிக் கொடுத்த நோயாளிக் குறிப்புகளைப் பார்த்து நோயைக் கணிப்பதில் சாட்ஜிபிடியின் ஜிபிடி-4 தனியாக 90 சதவீதத்துக்கு மேல் மதிப்பெண் வாங்கியது. அதே ஜிபிடியைத் துணைக்கு வைத்துக்கொண்ட டாக்டர்கள் 76, வழக்கமான புத்தகங்களையும் இணையத்தையும் மட்டும் பார்த்தவர்கள் 74. பார்த்தால் மிரட்டலாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்புகள் எப்படி வந்தன என்று யோசியுங்கள். யாரோ ஒரு டாக்டர் நோயாளியிடம் பேசி, தொட்டுப் பார்த்து, எது முக்கியம் எது வேண்டாதது என்று பிரித்து எழுதியதுதானே. பாதி மருத்துவம் அங்கேயே முடிந்துவிட்டது.

இதை இன்னும் நேராகக் காட்டியது ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1,298 சாதாரண மக்களை வைத்துச் செய்த சோதனை. நோய்க் கதைகளை நேரடியாக ஏஐயிடம் கொடுத்தபோது 95 சதவீத நேரம் பொருத்தமான நோயைச் சொல்லியது. அதே கதைகளை மக்கள் கையில் கொடுத்து, உங்களுக்கு வந்த நோய் போல நினைத்து ஏஐயிடம் பேசி முடிவுக்கு வாருங்கள் என்றபோது, சரியான நோயைப் பிடித்தவர்கள் 35 சதவீதத்துக்கும் கீழே. ஏஐ இல்லாமல் தாங்களாகவே தேடிப் பார்த்தவர்களைவிட ஒன்றும் மேலாக இல்லை. முக்கியமானதைச் சொல்லாமல் விட்டார்கள், ஏஐ சொன்ன நாலு பெயரில் எதை எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள். இயந்திரத்துக்கு அறிவு போதவில்லை என்பதல்ல அங்கே பிரச்சினை. எதைச் சொல்ல வேண்டும் என்று நோயாளிக்குத் தெரியாது, எதைக் கேட்டுப் பிடுங்க வேண்டும் என்று நல்ல டாக்டருக்குத் தெரியும்.

ஆகவே ஏஐக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய முதல் வேலை, உங்கள் கதையை ஒழுங்காகச் சொல்ல வைப்பது. நோயின் பெயரைக் கேட்காதீர்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

"என் அப்பாவுக்கு 71 வயது. பத்து நாளாகப் படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது, திரும்பப் படுத்தால் சரியாகிவிடுகிறது. சர்க்கரை 15 வருடமாக, பிபி 8 வருடமாக இருக்கிறது. சாப்பிடும் மாத்திரைகள்: மெட்ஃபார்மின் 500 காலை, இரவு. கிளிமெப்பிரைடு 1 காலை. டெல்மிசார்டன் 40 காலை. டாம்சுலோசின் 0.4 இரவு, இது சிறுநீர்த் தொந்தரவுக்காக மூன்று வாரத்துக்கு முன் வேறு டாக்டர் கொடுத்தது. காய்ச்சல் இல்லை, காது வலி இல்லை. என்ன நோய் என்று சொல்ல வேண்டாம். ஒரு டாக்டர் இவரிடம் வேறு என்னென்ன கேட்பாரோ அதை ஒவ்வொன்றாக என்னிடம் கேள். முடிந்ததும் டாக்டரிடம் கொடுக்க அரைப் பக்கத்தில் எழுதிக் கொடு."

மாத்திரைகளை எழுதும்போது ஸ்ட்ரிப்பைத் திருப்பி, கம்பெனி வைத்த பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் பார்த்து எழுதுங்கள். டாக்டர் கையெழுத்தில் இருக்கும் சீட்டைப் போட்டோ எடுத்துப் போட்டால் ஏஐ தப்பாகப் படித்துவிட்டு அதையே நம்பிக்கையாகச் சொல்லும். சித்த மருந்து, ஆயுர்வேத லேகியம், பக்கத்து வீட்டில் சொன்ன கஷாயம், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, எல்லாவற்றையும் சேருங்கள். வலி மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, ஆனால் கிட்னியையும் பிபியையும் கெடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

மேலே சொன்ன அப்பாவை ஒரு நல்ல டாக்டர் எப்படிப் பார்ப்பார்? படுக்க வைத்து பிபி எடுப்பார், எழுப்பி நிற்க வைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி எடுப்பார். மேல் எண் குறைந்தது 20 புள்ளி இறங்கினால் நிற்கும்போது ரத்த அழுத்தம் விழுகிறது என்று அர்த்தம். புதிதாக வந்த டாம்சுலோசின் அதைச் செய்யும் மருந்துதான். கூடவே சுகரும் பார்ப்பார், ஏனென்றால் கிளிமெப்பிரைடு சுகரை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடியது. இதுவரை ஏஐயும் சொல்லிவிடும், நான் மறுக்கவில்லை. அடுத்ததுதான் கடினம். எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைக் குறைப்பது? சிறுநீர் மாத்திரையை நிறுத்தினால் இவருக்கு அடைத்துக்கொள்ளுமா? பிபி மாத்திரையைக் குறைக்கலாம் என்றால் கிட்னிக்காகவும் அதைக் கொடுத்திருக்கிறார்களா? ராத்திரி எத்தனை தடவை எழுந்து போகிறார், பாத்ரூம் வெளியே இருக்கிறதா, கூட யாராவது படுக்கிறார்களா? நடந்து உள்ளே வந்த விதத்தையும், "ஒண்ணுமில்ல டாக்டர்" என்று அவர் சொல்லும்போது பின்னால் நிற்கும் அம்மாவின் முகத்தையும் டாக்டர் பார்த்திருப்பார். அதையெல்லாம் சேர்த்து ஒரு முடிவெடுத்து, அது சரிவராவிட்டால் அடுத்த வாரம் அதே ஆளாக உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். இதை ஏஐயிடம் ஒப்படைக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

தரவு மட்டும் போதுமே என்பவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். 1990களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் நிமோனியா நோயாளிகளில் யாருக்கு உயிராபத்து அதிகம் என்று கணிக்கச் சில கணினி மாடல்கள் செய்தார்கள். கணினி ஆய்வாளர் ரிச் கரூவானா அதில் வேலை செய்தவர். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு நிமோனியா வந்தால் சாவு குறைவு என்று தரவிலிருந்து ஒரு விதி வெளியே வந்தது. எந்த டாக்டரும் இதைக் கேட்டால் திடுக்கிடுவார். ஆனால் தரவில் அப்படித்தான் இருந்தது, காரணம் ஆஸ்துமாக்காரருக்கு நிமோனியா என்றதும் டாக்டர்கள் நேராக ஐசியூவுக்கு அனுப்பினார்கள், கவனம் கூடியதால் பிழைத்தார்கள். அந்த விதியை நம்பி வீட்டுக்கு அனுப்பியிருந்தால் முதலில் செத்திருப்பவர்கள் அவர்களே. அந்த மாடல்களில் துல்லியத்தில் முன்னால் நின்றது நியூரல் நெட்வொர்க், அது எப்படி முடிவெடுக்கிறது என்று உள்ளே பார்க்க முடியாத வகை. அதை நோயாளிகளுக்குப் பயன்படுத்தாமலே விட்டுவிட்டார்கள், இது போல வேறு என்னென்ன உள்ளே ஒளிந்திருக்கிறதோ என்ற பயம்தான் காரணம்.

ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள ஏஐ நல்ல துணை. "இந்தப் பரிசோதனை எதற்காகச் செய்கிறார்கள், இந்த எண் எதனால் ஏறும், எதனால் இறங்கும்" என்று கேளுங்கள். ஆனால் பக்கத்தில் அச்சடித்த நார்மல் அளவுக்குள் இருப்பதால் நிம்மதி என்றோ, வெளியே இருப்பதால் ஆபத்து என்றோ முடிவு கட்டாதீர்கள். 75 வயதுப் பாட்டிக்கு, கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.2 என்று வருகிறது. பல லேப்களில் அது நார்மலுக்குள் வரும். அவர் வயதுக்குக் கணக்குப் போட்டால் கிட்னி வேலை செய்யும் அளவு (ரிப்போர்ட்டில் eGFR என்று இருக்கும்) 60க்குக் கீழே, ஏறத்தாழ 47. ஆறு மாதத்துக்கு முன் 0.8 இருந்து இப்போது 1.2 என்றால் அது வேறு கதை, எப்போதும் 1.2 என்றால் வேறு கதை. அதே மாதிரி ரத்தச்சோகை இருப்பவருக்கு, மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி எண் ஏமாற்றலாம். அதனால் ஏஐக்கு எப்போதும் பழைய ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கொடுங்கள், கேள்வியை "என்ன மாறியிருக்கிறது, இதை டாக்டரிடம் எப்படிக் கேட்பது" என்று வையுங்கள். போடும் முன் பெயர், போன் நம்பர், ஆஸ்பத்திரி எண் இருக்கும் மேல் பகுதியை வெட்டிவிடுங்கள்.

கேட்கும் விதத்தில் இன்னொரு கவனம் வேண்டும். "இது கேன்சரா?" என்று கேட்டால் பேச்சு முழுக்கக் கேன்சரைச் சுற்றியே போகும், "சாதாரண அல்சர்தானே?" என்று கேட்டால் ஆமாம் என்று தலையாட்டப் பார்க்கும். உங்கள் பயத்தையும் ஆசையையும் உள்ளே வைக்காமல், அறிகுறிகளை மட்டும் புதிய உரையாடலில் மறுபடி எழுதி, "இதில் தவறவிடக் கூடாத ஆபத்தான காரணங்கள் எவை, எந்த அறிகுறி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்" என்று கேளுங்கள். இரண்டு பதிலும் வேறாக வந்தால், உங்கள் வார்த்தைகளே முதல் பதிலைத் திருப்பியிருக்கின்றன என்று புரியும்.

மருந்தையும் உணவையும் மட்டும் அது சொல்லி மாற்றவே மாற்றாதீர்கள். அமெரிக்காவில் 60 வயதுக்காரர் ஒருவர், உப்பில் இருக்கும் குளோரைடைத் தவிர்க்க நினைத்து, சாட்ஜிபிடியிடம் கேட்டுவிட்டு, சமையல் உப்புக்குப் பதிலாக மூன்று மாதம் சோடியம் புரோமைடைச் சாப்பிட்டார். புரோமைடு நச்சேறி, பக்கத்து வீட்டுக்காரர் தனக்கு விஷம் வைக்கிறார் என்ற பிரமையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். 2025இல் டாக்டர்கள் இதை மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். ஒரு டாக்டராக இருந்திருந்தால் "எதற்காக உங்களுக்கு இது?" என்ற கேள்வியிலேயே விஷயம் நின்றிருக்கும்.

ஏஐ நன்றாக வேலை செய்யும் இடங்களும் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. ஒரே படம், ஒரே கேள்வி என்ற வேலைகள். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் கூகுளின் ஏஐயை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் சோதித்தார்கள், நிபுணர்களுக்கு இணையாக நின்றது. நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோயைச் சலித்தெடுக்க இந்த மாதிரி மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று 2021இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. அதே கண் ஏஐயைத் தாய்லாந்தின் கிளினிக்குகளுக்குக் கொண்டுபோனபோது, வெளிச்சம் சரியில்லாத அறை போன்ற காரணங்களால் படம் தெளிவில்லை என்று ஐந்தில் ஒன்றைத் தள்ளிவிட்டது, அந்த நோயாளிகளை வேறொரு நாள் வேறு இடத்தில் நிபுணரைப் பார்க்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே ஸ்கேன் சென்டரில் ஏஐ ரிப்போர்ட் என்று ஏதாவது கொடுத்தால், கீழே ரேடியாலஜிஸ்ட் பெயரும் கையெழுத்தும் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் யார் பார்த்தது என்று கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் போனை நீட்டி "சாட்ஜிபிடி இப்படிச் சொல்லுது" என்று ஆரம்பிக்காதீர்கள். எழுதி வைத்த அரைப் பக்கத்தைக் கொடுங்கள், அவர் படித்து முடிக்கும்வரை பேசாமல் இருங்கள். அவர் முடிவைச் சொன்னபிறகு மூன்று கேள்வி கேட்கலாம்: வேறு என்னவாக இருக்கலாம், அது இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், எது நடந்தால் நான் உடனே திரும்பி வர வேண்டும். நல்ல டாக்டர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள். ஏஐயிடம் படித்த ஒன்று மனதை அரித்தால் அதையும் மறைக்காமல், "இதைப் படித்துப் பயந்துவிட்டேன், எனக்கு அது ஏன் இல்லை?" என்று கேட்டுவிடுங்கள்.

அவர் சொன்னதும் ஏஐ சொன்னதும் முட்டிக்கொண்டால், மாத்திரையை நீங்களே நிறுத்தாமல் முதலில் அதே டாக்டரிடம் திரும்பக் கேளுங்கள். அப்போதும் திருப்தி இல்லையென்றால் இன்னொரு டாக்டரிடம் போகலாம், அதில் தப்பே இல்லை. போகும்போது பழைய சீட்டுகள், எக்ஸ்ரே ஃபிலிம், மாத்திரை ஸ்ட்ரிப்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், முதல் டாக்டர் சொன்ன முடிவை அவர் பரிசோதித்து முடிக்கும்வரை சொல்லாதீர்கள். அவர் புதிதாகப் பார்க்கட்டும்.