ரோமானிய வீட்டுத் தெய்வங்களின் வெண்கல உருவங்களை அடையாளம் காண்பது எப்படி?

பண்டைய ரோமானியர் தங்கள் வீட்டில் ‘லராரியம்’ என்னும் மாடம் ஒன்றை அமைத்து, அதில் சிறு வெண்கலத் தெய்வ உருவங்களை வைத்து வணங்கினார்கள். அத்தகைய உருவங்கள் பல இன்று அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளில் காணக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றின் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அது எந்தத் தெய்வம் என்பதைப் பெயர்ப் பலகையைப் பார்க்காமல் கண்டறியும் முறையை இங்கே படிப்படியாகக் காண்போம்.

முதல் படி: அளவைப் பாருங்கள்.
வீட்டு மாடத்து உருவங்கள் பெரும்பாலும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். இவை மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு வெண்கலத்தை வார்க்கும் முறையில் உருவானவை. சுவாமிமலைப் பட்டறைகளை அறிந்தவர்களுக்கு இம்முறை புதிதாக இராது. சில உருவங்களின் கண்களில் வெள்ளி பதித்திருப்பார்கள்.

இரண்டாம் படி: கைகளைப் பாருங்கள். அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.
குட்டையான அங்கி காற்றில் விரிய, நுனிக்காலில் நடனமாடுவதுபோல் நிற்கும் இளைஞன், உயர்த்திய ஒரு கையில் கொம்புக் குவளையும் தாழ்த்திய மறு கையில் கிண்ணமோ சிறு வாளியோ ஏந்தியிருந்தால், அவன் வீட்டைக் காக்கும் லார். ‘டோகா’ என்னும் ரோமானியப் போர்வையாடையின் ஓரத்தைத் தலைமேல் முக்காடாக இழுத்துக்கொண்டு, மது வார்க்கும் தட்டைக் கிண்ணத்தை நீட்டி நிற்பவர் ‘கேனியுஸ்’. அதாவது, குடும்பத் தலைவரின் உயிராற்றலாகக் கருதப்பட்ட காவல் தெய்வம். ஒரு கையில் கப்பலின் சுக்கானும் மறு கையில் பழங்கள் நிரம்பிய வளக்கொம்பும் இருந்தால் அவள் ஃபோர்த்தூனா. அவள் தலையில் எகிப்திய மகுடமும் சேர்ந்திருந்தால் இசிஸ்-ஃபோர்த்தூனா.

கைப்பொருள் பெரும்பாலும் உடைந்தோ தொலைந்தோ போயிருக்கும் என்பதுதான் தொடக்கநிலையாளர்களைக் குழப்புவது. வணிகத்தின் தெய்வமான மெர்க்குரியை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்புகள் பின்னிய அவரது கோலைத் தனியாகச் செய்து கையில் செருகுவது வழக்கம் என்பதால், அது எளிதில் தொலைந்துவிடும். ஆனால் வலக்கையில் உள்ள பணப்பை பெரும்பாலும் கையோடு சேர்த்தே வார்க்கப்பட்டதால், ஒரு சிறு முடிச்சைப் போலவேனும் தங்கியிருக்கும். ஆகவே வெறுங்கையாகத் தெரியும் உருவத்தில் விரல்கள் எதைச் சுற்றி மடங்கியுள்ளன, உள்ளங்கையில் துளை இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

மூன்றாம் படி: தலையையும் தோளையும் பாருங்கள்.
சிறகு முளைத்த தொப்பி மெர்க்குரியையும், போர்த் தலைக்கவசம் அறிவின் தெய்வமான மினெர்வாவையும், சிங்கத்தோல் ஹெர்குலிஸையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. தண்டாயுதத்தை ஓங்கிக்கொண்டு கால் அகட்டி நிற்கும், வேலைப்பாடு குறைந்த சிறு ஹெர்குலிஸ் உருவங்கள் இத்தாலியில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல பேரரசுக் காலத்துக்கு முந்தையவை. கோயில்களில் நேர்த்திக்கடனாக வைக்கப்பட்டவை. அவற்றை வீட்டுப் பூசையோடு சேர்த்துவிடக் கூடாது.

நான்காம் படி: துணையிருந்த உருவங்களைத் தேடுங்கள்.
என்னைக் கேட்டால், தனியொரு உருவத்தை விடத் தொகுதிதான் நம்பத்தக்க சான்று. லார்கள் வழக்கமாக இருவராக, ஒருவர் மற்றவரின் கண்ணாடிப் பிம்பம்போல் எதிரெதிர்க் கையை உயர்த்தி நிற்பார்கள். இத்தாலியின் பண்டைய நகரான பொம்பேயில் வெட்டியி குடும்பத்தின் வீட்டு மாடத்து ஓவியத்தில், நடுவில் கேனியுஸும் இருபுறமும் லார்களும் நிற்க, கீழே ஒரு பாம்பு ஊர்கிறது. ஒற்றை லார் உருவத்தைக் கண்டால், அதன் இணை எங்கே என்று கேட்கப் பழகுங்கள்.

தெய்வம் அல்லாத ஒருவரும் இந்தக் கூட்டத்தில் இடம்பெறலாம். முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் சிறுவனாக இருந்தபோது அவருக்கு வழங்கிய ‘தூரினுஸ்’ என்னும் பெயர், கிட்டத்தட்டத் தேய்ந்துபோன இரும்பு எழுத்துகளில் பொறிக்கப்பட்ட அவரது பழைய வெண்கலச் சிற்றுருவம் ஒன்று தம்மிடம் கிடைத்ததாகவும், அதைத் தாம் தம் காலத்துப் பேரரசருக்குப் பரிசளிக்க, அவர் அதைத் தம் படுக்கையறை லார்களோடு வைத்து வணங்குவதாகவும் ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியுஸ் எழுதியிருக்கிறார்.

ஐந்தாம் படி: கிடைத்த இடத்தையும் காலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.
பொம்பேயில் கிடைத்தவை கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடிப்பதற்கு முற்பட்டவை என்பது உறுதி. மறு எல்லையில், கி.பி. 392-இல் பேரரசர் தியோடோசியஸ் பெயரால் வந்த சட்டம், லாருக்கு நெருப்பும் கேனியுஸுக்கு மதுவும் வீட்டின் உணவுச் சேமிப்பைக் காக்கும் தெய்வங்களான பெனாத்திகளுக்கு நறுமணப் புகையும் படைப்பதை வீட்டுக்குள்ளும் தடைசெய்தது. கிடைத்த இடம் குறிப்பிடப்படாத உருவம் வீட்டைச் சேர்ந்ததா கோயிலைச் சேர்ந்ததா என்று முடிவுகட்ட அவசரப்பட வேண்டாம்.

பயிற்சிக்குப் பொம்பேயின் ‘சிவப்புச் சுவர் வீடு’ ஏற்றது. அதன் மாடத்திலிருந்து ஆறு வெண்கல உருவங்களும் ஒரு வெண்கல விளக்கும் கிடைத்தன. முதலில் இரு லார்களைப் பிரித்து வையுங்கள். மீதமுள்ள நால்வரைக் கைகளையும் தலைகளையும் கொண்டு நீங்களே பெயரிட்ட பிறகு, இந்த விடையோடு ஒப்பிடுங்கள்: அப்பல்லோ, மருத்துவத் தெய்வமான ஈஸ்குலேப்பியுஸ், மெர்க்குரி, ஹெர்குலிஸ்.