வின்ரர் ரயர் வாங்குவோர் வழமையாகச் சறுக்கும் இடங்கள்

ரொறன்ரோவில் முதல் ஸ்னோ கொட்டிய மறுநாள் எந்த ரயர்க் கடைக்குப் போனாலும் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். அதில் நிற்கும் பலர் இங்கே ஒன்றோ இரண்டோ குளிர்காலம் மட்டுமே கண்டவர்கள். ஓடுவது பாவித்த கொரோலா அல்லது சிவிக். காதில் இருப்பது சித்தப்பாவோ அறைத்தோழரோ சொன்ன ஆலோசனை. தொண்ணூறுகளில் வந்தவர்கள் விட்ட பிழைகள் அப்படியே கைமாறி, இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களின் காரில் ஏறிக்கொண்டிருக்கின்றன.

மொட்டை ரயரோடு ஓடக் கூடாது என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விடுவோம். கீழே வருபவை விசாரித்துத் தெரிந்துகொண்டு வாங்குகிறவர்களும் தவறவிடுபவை. கணக்குகள் தெற்கு ஒன்ராறியோவில் ஓடும், முன்சில்லு இழுக்கும் செடான் காருக்கானவை.

எம்+எஸ் எழுத்தை நம்புவது

ரயரின் பக்கச்சுவரில் எம்+எஸ் (மட் அன்ட் ஸ்னோ, அதாவது சேறும் ஸ்னோவும்) என்று இருந்தால் ஸ்னோவுக்கு ஏற்றது என்று நினைத்து வாங்குகிறார்கள். அந்த எழுத்து ரயர் மேலுள்ள தவாளிப்பின், அதாவது பள்ளத்தின், வடிவத்தை மட்டுமே குறிக்கிறது. எந்தச் சோதனையும் இல்லாமல் தயாரிப்பாளரே அதைப் பொறித்துக்கொள்ளலாம். சாதாரண ஆல்-சீசன் ரயர்கள் பெரும்பாலானவற்றில் அது இருக்கும்.

தேட வேண்டியது மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் உள்ள சின்னம். இறுகிய ஸ்னோவில் கார் எவ்வளவு பிடிப்போடு இழுத்துக் கிளம்புகிறது என்று அளந்து, ஒப்பீட்டு ரயரைக் குறிப்பிட்ட அளவு தாண்டினால்தான் அந்தச் சின்னம் கிடைக்கும். ஆனால் ஐஸில் பிறேக் அடித்தால் எங்கே நிற்கும் என்பதை அந்தச் சோதனை சொல்லாது. அதனால்தான் மலைச் சின்னத்தோடு வருடம் முழுக்க ஓடுவதற்கென்று வரும் ஆல்-வெதர் ரயரிலும் முழு வின்ரர் ரயரிலும் ஒரே சின்னம் இருந்தாலும், சந்திச் சிவப்பு விளக்கில் மெருகேறிய ஐஸின் மேல் இரண்டும் ஒன்றாக நிற்பதில்லை. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்க இறங்க ஆல்-சீசன் ரப்பர் விறைக்கத் தொடங்கும். வின்ரர் ரப்பர் −20இலும் வளைந்து கொடுக்கும். அதன் மேலுள்ள நுண்ணிய கீறல்கள் ஐஸைக் கவ்வும்.

வேலைக்கும் கடைக்கும் மார்க்கம் நகருக்குள்ளேயும் ஸ்கார்பரோவுக்குள்ளேயும் மட்டும் ஓடுகிறவருக்கு, அதுவும் உப்புப் போட்டு வழித்த தெருவில் ஓடுகிறவருக்கு, நல்ல ஆல்-வெதர் ரயர் நாலு போதும். வருடம் முழுக்கக் கழற்றாமல் ஓடலாம். பரி நகர்ப் பக்கம் 400ஆம் நெடுஞ்சாலையில் தினமும் போய் வருகிறவருக்கு அது போதாது. ஜோர்ஜியன் வளைகுடாவின் ஈரத்தை அள்ளிவரும் காற்று அங்கே கொட்டும் ஸ்னோ வேறு ரகம்.

கியூபெக்கில் 2014 டிசம்பரிலிருந்து எம்+எஸ் மட்டும் உள்ள ரயரை வின்ரர் ரயராக ஏற்பதில்லை. அங்கே பதிவான காருக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைச் சின்னம் கட்டாயம். இல்லாவிட்டால் தண்டம் 200 முதல் 300 டொலர். மொன்றியலுக்குக் குடிபோகிறவர்கள் கவனிக்க.

முன்னுக்கு இரண்டு மட்டும் போடுவது

எத்தனை முறை சொன்னாலும் அடங்காத பிழை இது. "தம்பி, முன்சில்லுதானே இழுக்குது, முன்னுக்கு ரெண்டு போட்டாக் காணும். பின்னுக்குக் கிடக்கிறது சும்மா உருளுறதுதானே." ஒவ்வொரு நவம்பரிலும் யாரோ ஒருவர் இதைச் சொல்ல, யாரோ ஒருவர் கேட்டு நடக்கிறார். காசு மிச்சம் என்பதால் கேட்கவும் இனிக்கிறது.

பின்சில்லு சும்மா உருளுவதில்லை. காரின் வாலைத் தெருவில் பிடித்து வைத்திருப்பது அதுதான். முன்சில்லு இழுக்கும் செடானில் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்பக்கம். பிறேக்கை மிதித்தாலோ, அக்ஸிலறேற்றரிலிருந்து காலை எடுத்தாலோ கூட, எடை இன்னும் முன்னுக்குச் சாயும். பின்பக்கம் மேலும் இலேசாகும். அந்த இலேசான பக்கத்தில் விறைத்துப்போன ஆல்-சீசன், பாரமான பக்கத்தில் புத்தம் புது வின்ரர் ரயர். கார் நேரே போகும்வரை ஒன்றும் தெரியாது.

இந்தப் பிழை பிடிபடாமல் தப்புவதும் அதனால்தான். ரயர் போட்ட அன்று மாலை தரிப்பிடத்தில் பரீட்சித்துப் பார்ப்பார்கள். கார் ஸ்னோவிலிருந்து சுகமாகக் கிளம்பும், ஸ்ரியறிங் சொன்னபடி கேட்கும், பிறேக்கும் பரவாயில்லை. இந்த மூன்றிலும் பெரும்பங்கு முன்சில்லினுடையது. பின்சில்லின் பக்கவாட்டுப் பிடிப்பை அந்தப் பரீட்சை தொடவே இல்லை. சாரதிக்குத் துணிவு வந்துவிடும். நாலும் ஆல்-சீசனாக இருந்திருந்தால் முன்பக்கமே முதலில் வழுக்கி எச்சரித்திருக்கும், அவரும் மெதுவாகப் போயிருப்பார். இப்போது எச்சரிக்கிற முனைக்கு நல்ல ரயரைப் போட்டு வாயை அடைத்தாயிற்று.

பிறகு ஒரு நாள் 401ஆம் நெடுஞ்சாலையிலிருந்து டொன் வலி பார்க்வேக்கு இறங்கும் வளைவு. வளைவின் நடுவில் முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்கு எரிகிறது. சாரதி காலை எடுத்து பிறேக்கைத் தொடுகிறார். முன்பக்கம் கவ்விக்கொள்கிறது, பின்பக்கம் வளைவுக்கு வெளியே கிளம்புகிறது. ஒரு வினாடிக்குள் கார் குறுக்கே நிற்கும். இந்த நிலையில் பிறேக்கை விட்டு, வால் போகும் திசைக்கே ஸ்ரியறிங்கைத் திருப்பி, இலேசாக அக்ஸிலறேற்றர் கொடுத்தால் முன்சில்லு காரை நேராக இழுக்கும். பழக்கமில்லாதவர் கால் அதைச் செய்யாது. பிறேக்கை இன்னும் அழுத்தும்.

"ஸ்ரபிலிற்றி கொன்ரோல் இருக்கே" என்பது அடுத்த பதில். 2012 மொடலிலிருந்து கனடாவில் விற்கும் எல்லாக் கார்களிலும் அது உண்டுதான். வால் வெளியே போகும்போது வெளிப்பக்க முன்சில்லுக்கு மட்டும் பிறேக் கொடுத்து காரை நேராக்கப் பார்க்கும். நல்ல உதவி. ஆனால் பின் ரயருக்கும் ஐஸுக்கும் இடையே இல்லாத பிடிப்பை எந்தக் கணினியாலும் உண்டாக்க முடியாது. வேகம் கொஞ்சம் கூடினால் அதன் கையும் விரிந்துவிடும்.

இதே பிழைக்கு ஒரு தம்பியும் உண்டு: இந்த வருடம் இரண்டு, அடுத்த வருடம் இரண்டு. அடுத்த வருடம் வரும்போது பழைய சோடி 8 மில்லிமீட்டரிலிருந்து 6க்கு இறங்கியிருக்கும். புதியதை எங்கே போடுவது? பழக்கத்தில் எல்லோரும் முன்னுக்கு என்பார்கள். எந்தக் காராக இருந்தாலும் தவாளிப்பு ஆழமான சோடி பின்னுக்குத்தான். கடைக்காரர் மாற்றிப் போட்டாலும் நின்று சொல்லித் திருப்பிப் போடுவியுங்கள்.

முன்சில்லு இழுக்கும் காரில் முன் ரயர் வேகமாகத் தேயும் என்பதால், நாலையும் சமமாக வைத்திருக்க வேண்டுமானால் வசந்தத்தில் கழற்றும்போது எந்தச் சில்லிலிருந்து வந்தது என்று உள்பக்கச் சுவரில் சோக்கால் எழுதி வையுங்கள். இலையுதிர்காலத்தில் ஆழமானியால் அளந்து, ஆழம் கூடியவற்றைப் பின்னுக்குப் போடலாம்; வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள் என்றால் முன்–பின் மாற்றிவிடலாம். சுவரில் அம்புக்குறி உள்ள ரயரை இடம்–வலம் மாற்றக் கூடாது, அதே பக்கத்தில் முன்–பின் மட்டும்.

காசு இரண்டு ரயருக்குத்தான் இருக்கிறது என்றால்? உச்ச விலை ரயர் இரண்டை விட்டு, நடுத்தர விலை ரயர் நாலு வாங்குங்கள். அதற்கும் எட்டாவிட்டால், றிம்மோடு பாவித்த நாலு ரயர் ஒரே செட்டாகக் கிடைக்கும். வயதும் ஆழமும் பார்த்து எடுக்கலாம். ஒன்ராறியோவில் 2016 ஜனவரியிலிருந்து வின்ரர் ரயர் போட்டவருக்கு எல்லா இன்சூரன்ஸ் கொம்பனிகளும் கழிவு கொடுக்க வேண்டும். கழிவின் அளவு கொம்பனிக்குக் கொம்பனி மாறும், ஆனால் வழமையாகக் கேட்பது நாலு ரயர். இரண்டு போட்டவருக்கு அதுவும் இல்லை.

18 அங்குல றிம்முக்கே ரயர் தேடுவது

கொரோலாவின் விலை கூடிய வகைகளில் 225/40 ஆர் 18 வரும்: 225 ரயரின் அகலம் மில்லிமீட்டரில், 18 றிம் அங்குலத்தில். அதே அளவில் வின்ரர் ரயர் தேடினால் விலை கூடும், தெரிவு குறையும், குழியில் விழுந்தால் அலோய் றிம்மும் வளையும். 205/55 ஆர் 16 இரும்பு றிம்மில் போட்டால் மொத்த விட்டம் 637 மில்லிமீட்டருக்குப் பதில் 632, ஒரு சதவீதத்துக்கும் குறைந்த வித்தியாசம். வேகமானி பொய் சொல்லாது. ஒடுங்கிய ரயர் ஸ்னோவை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். அகன்றது மேலே மிதக்கும். பிறேக் காலிப்பரில் றிம் தட்டாது என்பதை மட்டும் முதலில் ஒரு றிம்மைப் பூட்டிப் பாருங்கள்.

வின்ரருக்கென்று தனி றிம் இல்லாமல் ஒரே றிம்மில் வருடம் இருமுறை கழற்றிப் பூட்டினால், ஒவ்வொரு முறையும் பலன்ஸ் காசு போவதோடு ரயரின் விளிம்பும் அடிபடும். மூன்று நாலு பருவத்தில் றிம்மின் விலை திரும்பிவிடும்.

றிம் பொருந்தும், நட் பொருந்தாது

பாவித்த றிம் வாங்குகிறவர்கள் துளைக் கணக்கைப் பார்ப்பார்கள். 2020க்குப் பிந்திய கொரோலாவுக்கு 5 துளை, துளைகள் நிற்கும் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர். கம்ரிக்கும் சிவிக்குக்கும் 5 துளை, 114.3. மச்சானின் கம்ரி றிம் கொரோலாவுக்கு ஏறாது என்பது அங்கேயே தெரிந்துவிடும். தெரியாமல் போவது நட்டின் இருக்கை, அதாவது நட் றிம்மில் அமரும் இடத்தின் வடிவம். ஹொண்டாவோடு வரும் நட்டின் அடி உருண்டை வடிவம். வெளிக்கடை றிம்களில் குழி கூம்பு வடிவம். உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் முறுக்கினால் ஒரு மெல்லிய வளையம் மட்டுமே தொடும். முறுக்கியது போலத்தான் இருக்கும், ஓட ஓடத் தளரும். பல ரொயோற்றா அலோய் றிம்களின் நட்டில் தட்டையான வாஷர் இருக்கும், அதுவும் கூம்புக்கு ஆகாது. றிம் வாங்கும்போதே அதற்குரிய நட் இருபதையும் சேர்த்து வாங்குங்கள்.

ரொயோற்றாவில் காற்றழுத்தச் சென்சர் சில்லுக்குள் இருக்கும். புதிய றிம்முக்கு வேறு வேண்டும், இல்லாவிட்டால் விளக்கு எரிந்தபடி நிற்கும். 2013க்குப் பிந்திய சிவிக்கில் பெரும்பாலும் சென்சர் வேண்டாம், சில்லு மாற்றியதும் திரையில் அளவைத் திருத்திவிட்டால் சரி.

வயது பார்க்காமல் வாங்குவது

டொட் என்று தொடங்கும் எழுத்துவரிசையின் கடைசி நாலு இலக்கம்: 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். அது ஒரு பக்கச் சுவரில் மட்டுமே முழுதாக இருக்கும், உள்பக்கம் திரும்பியிருந்தால் குனிந்து பாருங்கள். வின்ரர் ரயரின் உயிர் மென்மையான ரப்பர். ஆறு வருடம் தாண்டியதென்றால் தவாளிப்பு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பாவித்ததாக வாங்க வேண்டாம்.

ஆழத்துக்கும் ஒரு கோடு உண்டு. சட்டம் 1.5 மில்லிமீட்டரில் நிற்கிறது. ஸ்னோவில் 4க்குக் கீழே வின்ரர் ரயர் வெறும் பெயர்தான். தேய்மானக் கட்டையைப் பார்த்து முடிவெடுக்காமல், சில டொலருக்கு விற்கும் ஆழமானி ஒன்றை வாங்கி வையுங்கள்.

ரயரில் எழுதிய காற்றை அடிப்பது

பக்கச்சுவரில் இருப்பது ரயர் தாங்கும் உச்ச அளவு. அடிக்க வேண்டியது சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அளவு, பல செடான்களில் 32–35 பீ.எஸ்.ஐ. வெப்பநிலை 5–6 பாகை இறங்க ஏறத்தாழ 1 பீ.எஸ்.ஐ குறையும். சூடான கராஜுக்குள் 20 பாகையில் 33 அடித்த கார், வெளியே −15இல் ஒரு இரவு நின்றால் 27க்கு வந்துவிடும். மறுநாள் காலை, ஓடுமுன், வெளியிலேயே அளந்து சரிசெய்யுங்கள்.

ஆணி ரயர்

தெற்கு ஒன்ராறியோவில் அனுமதி இல்லை.

வேக எழுத்துக் குறைந்துவிட்டதே என்று பயப்படுவது

வேக எழுத்து ரயர் தாங்கும் உச்ச வேகத்தைக் குறிக்கும். ரீ (T) என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர். 401க்குப் போதும். சுமை எண் மட்டும் குறையக் கூடாது. கொரோலாவுக்கு 91, அதாவது சில்லொன்றுக்கு 615 கிலோ.

ஒருமுறை முறுக்கியதோடு விடுவது

சில்லு மாற்றி 50–100 கிலோமீட்டர் ஓடியபின், முறுக்கின் அளவைக் காட்டும் ரோர்க் றெஞ்சால் மறுபடி பாருங்கள்: கொரோலாவுக்கு 103 நியூட்டன் மீட்டர், சிவிக்குக்கு 108. நட்சத்திர ஒழுங்கில், ஒன்றுவிட்டு ஒன்று. றிம் வந்து பொருந்தும், உப்புத் துரு ஏறிய மையத்தை இரும்புத் தூரிகையால் தேய்க்காமல் றிம்மைப் பூட்டினால், துரு நசுங்கி நட் தளரும். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்ட கடைக்காரர் "சரி அண்ணை" என்றாலும் இதைச் செய்யுங்கள்.

ஏப்ரலில் கழற்றாமல் விடுவது

காலை வெப்பநிலை தொடர்ந்து 7 பாகைக்கு மேல் நின்றால் கழற்றலாம். ஜூலை வெயிலில் மென்மையான ரப்பர் அழிறப்பராகத் தேயும், மழையில் பிறேக் தூரமும் நீளும். கழற்றியதைக் கழுவிக் காயவைத்து, கறுப்புப் பையில் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். றிம்மோடு என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், றிம் இல்லாவிட்டால் நிமிர்த்தி. அடுத்த மாற்றத்துக்கு ஒக்ரோபர் நடுப்பகுதியிலேயே நேரம் பதிந்துவிடுங்கள்.