ஆன்டெனா சோதிக்க முதலில் வாங்க வேண்டிய கருவி

வீட்டில் கட்டிய ஆன்டெனாவையோ ஃபில்டரையோ சோதிக்க ஸ்பெக்ட்ரம் அனலைசருக்கு (எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் இருக்கிறது என்று காட்டும் கருவி) காசு சேர்க்க வேண்டாம். முதலில் ஒரு நானோவிஎன்ஏ வாங்குங்கள். அது தானே சிறிய சிக்னலை அனுப்பி, எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு கடந்து போகிறது என்று அளந்துவிடும். 145 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது என்று காட்டும் விகிதம்) பார்க்க இதைவிட வசதியானது இல்லை. அலைவரிசை எல்லையை மாற்றினால், கேபிளின் முனையில் ஓப்பன், ஷார்ட், லோட் என்ற மூன்று சோதனை முனைகளை ஒவ்வொன்றாக வைத்து மறுபடி காலிபரேட் (அளவைச் சரிப்படுத்துதல்) செய்துகொள்ளுங்கள்.

டிரான்ஸ்மிட்டரின் ஹார்மோனிக்ஸ் (அது அனுப்பும் அலைவரிசையின் மடங்குகளில் வரும் வேண்டாத சிக்னல்கள்) பார்க்க மட்டும் இது உதவாது. அதற்கு டைனிஎஸ்ஏ போன்ற சிறிய ஸ்பெக்ட்ரம் அனலைசர்தான் வேண்டும். 5 வாட் வாக்கி டாக்கி 37 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) தரும். அந்தச் சூட்டைத் தாங்கும் 40 டிபி அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் சாதனம்) நடுவில் இல்லாமல் தயவுசெய்து அதை அனலைசரில் செருகாதீர்கள்.